முதல் முறை டீம் லீடர் ஆகிறீர்களா? முழுக் கவனத்தில் இருந்து தொடங்குங்கள்

நேற்று வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், இன்று உங்கள் முன்னால் வந்து லீவ் கேட்கிறார். முதல் முறை டீம் லீடர் ஆகிற எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். எப்படிப் பேசுவது, எவ்வளவு நெருக்கம் காட்டுவது, எங்கே கறாராக இருப்பது என்று ஆயிரம் யோசனை ஓடும். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "டீமை உற்சாகமா வெச்சுக்கங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்பார்கள். சரி, அந்த உற்சாகத்தை எங்கிருந்து கொண்டுவருவது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பல வருடம் பலருக்குக் கீழேயும், அப்புறம் சில டீம்களுக்குத் தலைமை ஏற்றும் வேலை பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: மற்றவர்களைத் தொற்றிக்கொள்ளும் உற்சாகம் கவனத்தில் இருந்துதான் பிறக்கிறது. எதிரில் இருப்பவரையும் அவர் கையில் இருக்கும் வேலையையும் நீங்கள் நிஜமாகவே பார்க்கும்போது, உங்கள் முகத்திலும் குரலிலும் ஓர் ஈடுபாடு தானாக வந்துவிடும். டீம் அதைத்தான் உற்சாகம் என்று உணர்கிறது. கைதட்டச் சொல்வதும் உரக்கப் பேசுவதும் அரை நாள் தாங்கினாலே அதிகம்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை எட்டுப் பேருக்குப் பொறுப்பேற்றபோது, முதல் நாளே அரை மணி நேரம் நின்று பேசினேன். நல்ல பேச்சுதான், எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது வாரம், டீமில் இருந்த ஒரு பெண் கையில் இரண்டு தாளோடு என் மேசைக்கு வந்தார். "சார், இந்த ரெண்டு ரிப்போர்ட்டும் ஒத்து வரலை. ஒரு நிமிஷம் பாக்கறீங்களா?" என்றார். நான் ஒரு மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திரையில் இருந்து எடுக்காமலே, "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றேன். அவர் முதல் வரியைச் சொன்னார். நான் "ம்" என்றேன். இரண்டாவது வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பரவாயில்லை சார், அப்புறம் வரேன்" என்று போய்விட்டார். தாளை மடித்துக்கொண்டு அவர் திரும்பியது ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்த மெயிலை முடித்ததும் அதை மறந்தும் போனேன். அவர் அப்புறம் வரவே இல்லை. பத்து நாள் கழித்து, அந்த ஒத்து வராத கணக்கு அப்படியே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் டீம் மொத்தமும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தது.

முதல் நாள் பேசிய அரை மணி நேரப் பேச்சை, அந்த ஒரு நிமிடம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. கீழே சொல்லப் போகிற எல்லாமே அந்த ஒரு நிமிடத்தைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டவைதான்.

பொறுப்பேற்கும் முன்: உங்களுக்கு எது பிடிக்கும் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்த வேலையில் உங்களுக்கு நிஜமாகவே பிடித்தது என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். நிறுவனத்தின் இலக்கையோ, மேலதிகாரி சொன்னதையோ எழுத வேண்டாம். "சிக்கலான பிழை ஒன்று கடைசியில் பிடிபடும் அந்த நொடி" என்று இருக்கலாம். "கோபமாகக் கூப்பிட்ட வாடிக்கையாளர் சமாதானமாகி நன்றி சொல்லி வைப்பது" என்று இருக்கலாம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, உண்மையாக இருக்க வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், இல்லாத ஆர்வத்தை நடித்துக் காட்டுவது உடம்பையே தின்றுவிடும். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். உள்ளே ஒன்று இருக்க, வெளியே வேறொன்றைக் காட்டுவதும் ஓர் உழைப்புதான் என்று சொல்லி, அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வதை மேலோட்டமான நடிப்பு என்றார். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகள், இப்படி நடிப்பவர்கள் சீக்கிரம் சோர்ந்து போவதைக் காட்டியிருக்கின்றன. தலைவருக்கும் இதே கதைதான். உங்கள் மூன்று வரியில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது நடிக்கத் தேவையே இருக்காது. பிடிக்காத பகுதிகளைப் பற்றி நிதானமாக, நேர்மையாகப் பேசினால் போதும். எல்லாவற்றுக்கும் துள்ளிக் குதிக்கிறவரை டீம் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

மூன்று வரிகூட வரவில்லை என்றால் என்ன செய்வது? அப்படி ஒரு நிலை வரும், வந்தால் பயப்பட வேண்டாம். வேலை பிடிக்காவிட்டாலும், அதைச் செய்கிற ஆட்கள் மேல் ஆர்வம் இருக்கலாம். அவர்கள் வளர்வதைப் பார்ப்பது பிடிக்கலாம். அதுவும் உண்மையான ஆர்வம்தான், அங்கிருந்து தொடங்கலாம். இரண்டும் இல்லை என்றால், இந்தப் பொறுப்பு வேண்டுமா என்று ஒரு முறை யோசித்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது, அந்த டீமுக்கும் நல்லது.

முதல் இரண்டு வாரம்: ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம்

எதையும் மாற்றத் தொடங்கும் முன், டீமில் இருக்கும் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்காருங்கள். முப்பது நிமிடம் போதும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "உங்க வேலையைக் குறை சொல்றதுக்கு இல்லை, தெரிஞ்சுக்கறதுக்குத்தான்." இதைச் சொல்லாமல் கூப்பிட்டால், வருகிறவர் பாதி நேரம் என்ன தப்பு நடந்தது என்றே யோசித்துக்கொண்டிருப்பார்.

கேட்க நிறையக் கேள்வி வேண்டாம். நான் கேட்பவை இவை:

- இப்ப நீங்க செய்யற வேலையில எது நல்லா போகுது?
- எங்க போய் அடிக்கடி மாட்டிக்கறீங்க?
- முன்னாடி இருந்தவங்க செஞ்சதுல எதைக் கண்டிப்பா மாத்தக் கூடாது?
- யாரும் உங்ககிட்ட கேட்காம இருக்கற ஒரு திறமை என்ன?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடுவாரோ என்ற பயம் எல்லா டீமிலும் இருக்கும். அந்த ஒரு கேள்வியில் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும். நான்காவது கேள்விக்குச் சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். காத்திருங்கள். ஒருமுறை, தினமும் பதிவேடுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த ஒருவர், ரொம்ப நேர யோசனைக்குப் பிறகு "எனக்குப் படம் வரையத் தெரியும்" என்றார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வேலை முறையை விளக்கும் பலகையை அடுத்த மாதம் அவர்தான் வரைந்தார். அதுவரை யாருக்கும் புரியாமல் இருந்த ஒரு விஷயம் சுவரில் தெளிவாக வந்து நின்றது.

குறிப்பு எடுப்பதற்குக் காகித நோட்டே நல்லது. லேப்டாப்பைத் திறந்து வைத்தால் உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும். இன்னொன்று: அவர் சொன்ன பிரச்சினைகளில் மிகச் சின்னது எதுவோ, அதை அந்த வாரமே தீர்த்து வையுங்கள். உடைந்த நாற்காலியாக இருக்கலாம், கிடைக்காமல் இருக்கும் ஒரு பாஸ்வேர்டாக இருக்கலாம். நீங்கள் காது கொடுத்துக் கேட்டீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தினமும்: ஒருவர் பேச வரும்போது

என் கணக்கில் முக்கால்வாசித் தலைமை இங்கேதான் நடக்கிறது. பெரிய மீட்டிங்குகளில் நடப்பது மிச்சம்தான்.

ஒருவர் உங்களிடம் வரும் நேரம் பெரும்பாலும் உங்களுக்கு வசதியான நேரமாக இருக்காது. கை ஒரு வேலையில் இருக்கும், மனசும் அதிலேயே இருக்கும். நிர்வாகவியல் ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விளக்குகிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கெட்டவர் என்பதால் கவனிக்காமல் இருப்பதில்லை, மனசு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இதற்கு அவரும் இன்னோர் ஆய்வாளரும் பின்னால் சோதித்துப் பார்த்த வழி ரொம்ப எளிது: கையில் இருக்கும் வேலையை விடும் முன், எங்கே நிறுத்துகிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி குறித்துக்கொள்வது. குறித்துவிட்டால் மனசு அந்த வேலையை விட்டுவிடும்.

நான் இதை இப்படிச் செய்கிறேன். யாராவது மேசைப் பக்கம் வந்தால், "பத்து செகண்ட்" என்று சொல்லி, விட்ட இடத்தை ஒரு வரியில் எழுதுகிறேன். திரையை மூடுகிறேன் அல்லது திருப்பி வைக்கிறேன். போனைக் கவிழ்த்துக்கூட வைப்பதில்லை, கண்ணில் படாமல் இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறேன். நாற்காலியை அவர் பக்கம் திருப்புகிறேன். முகம் மட்டும் திரும்பி, முழங்கால் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தால், வந்தவருக்கு "சீக்கிரம் முடிங்க" என்றுதான் கேட்கும். அப்புறம்தான் "சொல்லுங்க" என்கிறேன்.

நிஜமாகவே நேரம் இல்லையா? அதை நேராகச் சொல்லுங்கள். "இப்ப கேட்டா அரைகுறையா கேட்பேன். நாலு மணிக்கு நானே உங்க சீட்டுக்கு வரேன்." சொன்னால் போய்விட வேண்டும். ஒருமுறை போகாவிட்டால், அடுத்த முறை இந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. பாதிக் கவனத்தோடு இப்போதே கேட்பதைவிட, முழுக் கவனத்தோடு நாலு மணிக்குக் கேட்பது ஆயிரம் மடங்கு மேல். நான் அன்று அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருந்தால், அந்தச் சனி, ஞாயிறு எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்திருப்பார்கள்.

கேட்கும்போது ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்: அவர் முடித்ததும், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒரு முறை திருப்பிச் சொல்வது. "அப்ப ரெண்டாவது ரிப்போர்ட்டுல தேதி மாறினதாலதான் ஒத்து வரலை, சரியா?" சரியாகச் சொன்னால் அவர் முகம் தளரும். தப்பாகச் சொன்னாலும் நல்லதே, அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். உடனே தீர்வு சொல்ல வாய் துடிக்கும். அதைக் கொஞ்சம் அடக்கி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேளுங்கள். பாதிப் பேர் தீர்வோடுதான் வருகிறார்கள், அதைச் சொல்ல ஓர் இடம் மட்டும்தான் தேடுகிறார்கள்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்

ரிப்போர்ட்டில் தெரிவது வேறு, நேரில் தெரிவது வேறு. டொயோட்டா தொழிற்சாலைகளில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்: நேரில் போய், நடப்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள். அங்கே உற்பத்தி முறையை வடிவமைத்த டாய்ச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, மேலாளர்களை அதற்குள் நிற்க வைத்து வேலையைப் பார்க்கச் சொல்வாராம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார். பதில் போதவில்லை என்றால் இன்னும் பார் என்பார்.

நீங்கள் வட்டம் போட வேண்டாம். வாரத்தில் இரண்டு முறை, இருபது நிமிடம், டீமில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பாருங்கள். சோதனை போட வந்த மாதிரி தெரியக் கூடாது என்பதால், "இது எப்படிச் செய்யறீங்கன்னு எனக்குக் காட்டுங்க, எனக்கு முழுசா தெரியாது" என்று கேட்டு உட்காருங்கள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப அடிப்பது, ஒரு பக்கம் திறக்க நாற்பது வினாடி காத்திருப்பது என்று பல விஷயம் அங்கே கண்ணில் படும். அவர்கள் இதையெல்லாம் புகாராகச் சொல்ல மாட்டார்கள், பழகிப் போயிருக்கும். நீங்கள் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க?" என்று கேட்கிற அந்தக் கேள்வியில் இருக்கும் அக்கறை, எந்த ஊக்கப் பேச்சிலும் வராது.

மீட்டிங்கில்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். கடைசியாக ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, லேப்டாப் வயரைத் தேடுகிற தலைவர், அந்த அவசரத்தை அறை முழுக்கப் பரப்பிவிடுவார்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஏறத்தாழ 1 வினாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அலுவலக மேசையிலும் இதையே பார்க்கிறேன். "ஏதாவது சந்தேகம் இருக்கா? இல்லையா? சரி, அடுத்து" என்று ஒரே மூச்சில் சொன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். முதலில் ரொம்ப நீளமாகத் தெரியும், பழகிவிடும்.

உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

பாராட்டு

"சூப்பர்", "கலக்கிட்டீங்க" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்வது சில்லறை மாதிரி, கையில் நிற்காது. என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நேத்து அந்த வாடிக்கையாளர்கிட்ட, 'தெரியலை, விசாரிச்சு அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்'னு சொன்னீங்கல்ல, அதனாலதான் அவர் இன்னைக்குக் கோபப்படாம பேசினார்." இப்படிச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். கவனித்தவரால் மட்டும்தான் இப்படிப் பாராட்ட முடியும்.

பெரிய வெற்றிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆய்வாளர்கள் தெரசா அமாபிலும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களில் 238 பேரிடம் தினமும் நாட்குறிப்பு எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ 12,000 பதிவுகள் சேர்ந்தன. மனசு நன்றாக இருந்த நாட்களில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தென்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் கொஞ்சமாவது முன்னேறியது என்பதுதான். சின்ன முன்னேற்றமே போதுமாக இருந்தது. அதனால் சாயங்காலம் கிளம்பும் முன், இன்று யாருடைய வேலை ஒரு அங்குலமாவது நகர்ந்தது என்று யோசித்து, அவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். யாருடைய வேலையும் நகரவில்லை என்றால், எது தடுத்தது என்று மறுநாள் காலை முதல் வேலையாகக் கேளுங்கள். தடையை எடுத்துக் கொடுப்பதும் பாராட்டுக்குச் சமம்தான்.

கூச்ச சுபாவம் உள்ளவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் புகழ வேண்டாம். சிலருக்கு அது தண்டனை. தனியாகச் சொன்னால் போதும்.

மனசு சரியில்லாத நாளில்

வீட்டில் ஏதோ பிரச்சினை, ராத்திரி தூக்கம் இல்லை, மேலே இருந்து ஒரு திட்டு. இப்படி ஒரு நாள் எல்லோருக்கும் வரும். தலைவர் என்றால் அந்த நாள் உங்களோடு நிற்காது, டீமுக்கும் போகும். நிர்வாகவியல் ஆய்வாளர் சிகல் பார்சேட் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். சின்னச் சின்னக் குழுக்களைக் கூட்டி, போனஸ் தொகையை எப்படிப் பங்கிடுவது என்று பேசி முடிவெடுக்க வைத்தார். ஒவ்வொரு குழுவிலும் நடிப்புப் பயிற்சி உள்ள ஒருவர், மற்றவர்களுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு குழுவில் அவர் துள்ளலாக இருப்பார், இன்னொன்றில் அமைதியான கனிவோடு இருப்பார், மற்றொன்றில் எரிச்சலாக, வேறொன்றில் சோர்வாக இருப்பார். அவருடைய மனநிலை மற்றவர்களுக்கும் பரவியது. நல்ல மனநிலை பரவிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, மோதல் குறைந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், துள்ளலான உற்சாகம்தான் அமைதியானதைவிட அதிகம் பரவும் என்ற எதிர்பார்ப்பு மெய்யாகவில்லை. ஆக, நீங்கள் அதிகம் பேசாத, சாந்தமான ஆளாக இருந்தால் கவலையே வேண்டாம். உங்கள் கனிவும் அதே அளவு போய்ச் சேரும்.

ஆனால் மனசு சரியில்லாதபோது கனிவை எங்கிருந்து எடுப்பது? நடிக்காதீர்கள், கொட்டவும் செய்யாதீர்கள். ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "இன்னைக்கு எனக்குக் கொஞ்சம் தலைபாரமா இருக்கு, முகம் அப்படித்தான் இருக்கும். உங்க யார் மேலயும் கோபம் இல்லை." இதைச் சொல்லாவிட்டால் எட்டுப் பேரும் எட்டுக் காரணம் கற்பிப்பார்கள். அந்த நாளில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள், யாருக்கும் நீண்ட மெயில் எழுதாதீர்கள். முடிந்தால் ஒருவருடைய சின்ன வேலைக்கு உதவி செய்யுங்கள். மற்றவர் வேலையில் கவனம் போனால், நம் பாரம் கொஞ்ச நேரம் இறங்கி நிற்கும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் துருவ ஆய்வுப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டன். 1914இல் அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பிய அவருடைய கப்பல் பனியில் சிக்கி நொறுங்கி, 1915 நவம்பரில் மூழ்கியது. கப்பலில் இருந்த 28 பேரும் கடைசியில் உயிரோடு திரும்பினார்கள். கப்பல் தலைவராக உடன் போன ஃபிராங்க் வொர்ஸ்லி ஒரு சின்ன விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். யாராவது ஒருவர் வழக்கத்தைவிட அதிகமாகக் குளிரில் நடுங்குவது ஷாக்கிள்டன் கண்ணில் பட்டால், உடனே எல்லோருக்கும் சூடாகக் குடிக்கக் கொடுக்கச் சொல்வாராம். அந்த ஒருவருக்காகத்தான் என்று அவருக்கே தெரியவிடமாட்டார், தெரிந்தால் தன்னைப் பற்றியே பயப்பட ஆரம்பித்துவிடுவார் என்று. அந்த நிலையில் ஷாக்கிள்டனுக்கும் குளிர்ந்திருக்கும், கவலை இருந்திருக்கும். ஆனாலும் யார் நடுங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

தப்பு நடந்தால்

நீங்கள் சம்பாதித்த நம்பிக்கை எல்லாம் சோதனைக்கு வரும் நேரம் இது. ஒருவர் வந்து "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்கிறார். முதல் மூன்று வினாடி உங்கள் முகம் என்ன செய்கிறது என்பதை அவர் மட்டும் இல்லை, சுற்றி இருக்கிற எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த தப்பு உங்கள் காதுக்கு வருமா வராதா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து தொடர்பான தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். எண்ணிக்கை தலைகீழாக வந்தது: நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அங்கே பயப்படாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்று தெரியவந்தது.

அதனால், முதல் வார்த்தை "உடனே சொன்னதுக்கு நன்றி" என்று இருக்கட்டும். அடுத்து "இப்ப யாருக்கெல்லாம் பாதிப்பு?" என்று கேளுங்கள். "ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்வி, நிலைமை சரியான பிறகு, மறுநாள் வரட்டும். இப்படிச் சொல்வதால் கண்டிப்பு போய்விடாது. ஒரே தப்பை ஒருவர் திரும்பத் திரும்பச் செய்தால், தனியாகக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். அதையும் அவர் முகத்தைப் பார்த்து, முழுக் கவனத்தோடு சொல்லுங்கள். மெயிலில் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

தூரத்தில் இருந்து வேலை செய்கிறவர்கள்

வீடியோ காலில் மற்ற எல்லா ஜன்னல்களையும் மூடிவிடுங்கள். வேறு எதையோ படித்துக்கொண்டிருப்பது கண் அசைவிலேயே தெரியும். தினமும் கேமரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். வேலை விஷயம் எதுவும் இல்லாமல் வாரம் ஒருமுறை ஒரு போன் போட்டு, "எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலை முழுசாகக் கேளுங்கள். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் பேசி முடிவெடுத்ததை அவர்களுக்கும் அன்றே எழுதி அனுப்புங்கள்.

மூன்றாவது மாத முடிவில்

இவ்வளவும் செய்த பிறகு, எப்படிப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்க வேண்டியதுதான். "என் கூட வேலை செய்யறது எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "நான் செய்யறதுல எதை நிறுத்தினா உங்க வேலை சுலபமாகும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." கேட்டுவிட்டு அந்த ஐந்து வரை எண்ணுங்கள். என்ன சொன்னாலும் விளக்கம் கொடுக்காதீர்கள், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் அதில் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள்.

நான் அந்த முதல் டீமில் இதைக் கேட்டபோது, இரண்டு தாளோடு வந்து திரும்பிப் போன அந்தப் பெண்ணையும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார். அப்புறம், "நீங்க 'கேட்டுட்டுதான் இருக்கேன்'னு சொல்றதை நிறுத்தணும் சார்" என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் வேறொரு கணக்கோடு வந்தார். நான் பேனாவை மூடி வைத்து, நாற்காலியைத் திருப்பினேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, "இங்க பாருங்க சார், இந்த நாலாவது வரிசை" என்று தொடங்கினார்.